‘நன்று’ என்று எழுதிவிட்டுப் போனவர்கள்

சென்ற மாதம் எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நெறிப்படுத்துதல் குறித்து இரண்டு நாள் பயிலரங்கு ஒன்று நடந்தது. நிறைவு அமர்வில் பேசிய ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், தம் நெறியாளர் தம்முடைய முதல் இயலைச் சன்னல் வழியே வீசியெறிந்ததையும், தாம் இரண்டு மாடி இறங்கிப்போய்த் தாள்களைப் பொறுக்கி வரிசைப்படுத்திக்கொண்டு மீண்டும் படியேறி வந்து அதே கதவருகே நின்றதையும் சுவைபடச் சொன்னார். “இன்றைக்கு அப்படிச் செய்தால் மறுநாள் காலையில் துணைவேந்தருக்கு மின்னஞ்சல் போய்விடும். இந்தத் தலைமுறைக்குத் தோல் மெல்லியது” என்று முடித்தார். அவை சிரித்தது. பின்வரிசையில் இருந்த ஆய்வாளர்களும் சிரித்தோம். நானும் சிரித்தேன். விடுதி அறைக்குத் திரும்பிய பிறகும் அந்தச் சிரிப்பு உறுத்திக்கொண்டே இருந்ததால் இதை எழுதுகிறேன். பதிவு நீளமானது, நண்பர்கள் பொறுத்தருள்க.

அன்று நான் எழுந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஐயா, அந்த இயலில் என்ன பிழை இருந்தது? பேராசிரியர் அதைச் சொல்லவே இல்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அவருக்குச் சன்னல் நினைவிருக்கிறது, படிக்கட்டு நினைவிருக்கிறது, அன்று தூறல் போட்டதுகூட நினைவிருக்கிறது. சான்று போதவில்லையா, வாதம் பிழைத்ததா, மேற்கோள்கள் குழம்பிக் கிடந்தனவா என்பது மட்டும் நினைவில் இல்லை. வீசப்பட்ட தாள்களின் ஓரத்தில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை என்று கொள்வதே பொருத்தம். அவர் தாங்கிக்கொண்டது ஓர் அவமதிப்பை. அதற்கு விமரிசனம் என்று பிற்காலத்தில் பெயர் சூட்டிக்கொண்டார். சூட்டிக்கொள்ளாமல் அந்த இளமையை நினைத்துப் பார்ப்பது கடினமாக இருந்திருக்கலாம். அவர்மீது எனக்குச் சினமில்லை. ஆனால் அந்தப் பெயர்சூட்டலை ஒரு தலைமுறை முழுவதற்குமான சான்றிதழாக நீட்டும்போது மறுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

“இளையோர் பின்னூட்டத்தைத் தாங்கமாட்டார்கள், நாங்கள் தாங்கினோம்” என்பது இப்போது பல்கலைக்கழகங்களிலும் அலுவலகங்களிலும் தேநீர் இடைவேளைதோறும் கேட்கும் பேச்சு. இதன் அடியில் ஒரு பொய்யான வரலாறு இருக்கிறது. இந்தியப் பணியிடங்களில் முந்தைய தலைமுறைகளுக்குக் கிடைத்தவை இரண்டு: வெளிப்படையான வசவு, மறைவான மதிப்பெண். வேலையை எடுத்துவைத்துக்கொண்டு, இந்த இடத்தில் இது சரியில்லை, காரணம் இது, இப்படித் திருத்தலாம் என்று ஒருவருக்கு அவர் முகம் பார்த்துச் சொல்லும் வழக்கம் பெரும்பாலான இடங்களில் இருந்ததே இல்லை. இல்லாத ஒன்றைத் தாங்கியதாக எப்படிச் சொல்வது?

என் ஆய்வுப்பொருள் விடுதலைக்குப் பிந்தைய நிருவாக வரலாறு. மந்தண அறிக்கை தொடர்பான சுற்றறிக்கைகளைப் புரட்டுவது எனக்கு அன்றாட வேலை. அரசுப் பணியில் பெற்றோரோ உறவினரோ இருந்த வீடுகளில் இந்தச் சொல் தெரிந்திருக்கும். மேலதிகாரி ஆண்டுக்கொரு முறை தமக்குக் கீழ் உள்ளவரைப் பற்றி ஒரு படிவத்தில் எழுதுவார். அவருடைய உழைப்பு, நேர்மை, அறிவுத்திறன், சக ஊழியரோடு பழகும் விதம் எல்லாவற்றுக்கும் அதில் கட்டம் உண்டு. கடைசியில் மொத்தமாக ஒரு தரம்: மோசம், சுமார், சராசரி, நன்று, மிக நன்று, தலைசிறந்தது. அப்படிவம் உறையிலிடப்பட்டு மேலே போகும். பாதகமான குறிப்பு இருந்தால் மட்டுமே சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிப்பது வழக்கம். மற்றபடி, தம்மைப் பற்றி என்ன எழுதப்பட்டது என்பது தெரியாமலே ஒருவர் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி, மாலையும் சால்வையும் பெற்று, பேருந்தேறி ஊர் போய்விடலாம். போனார்கள்.

இந்த ஏற்பாட்டின் உள்மடிப்பு வெளியே வந்தது ‘தேவ் தத் எதிர் இந்திய ஒன்றியம்’ வழக்கில். மனுதாரர் எல்லைச் சாலைகள் பொறியியல் பணியில் செயற்பொறியாளர். கண்காணிப்புப் பொறியாளர் பதவிக்கு உயர, முந்தைய ஐந்து ஆண்டுகளுக்கும் ‘மிக நன்று’ என்ற தரம் இருந்தாக வேண்டும். அவருக்கு 1993-94ஆம் ஆண்டுக்கு மட்டும் ‘நன்று’ என்று எழுதப்பட்டிருந்தது. நன்று என்பது பாதகமான சொல்லா? அகராதிப்படி இல்லை, ஆகவே அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. ஆனால் அந்த ஒரு சொல் அவருடைய பதவி உயர்வை அடைத்துவிட்டது. உயர் நீதிமன்றத்தில் தோற்று, உச்ச நீதிமன்றம் போய், 2008 மே மாதம் தீர்ப்புக் கிடைத்தபோது அவர் ஓய்வுபெற்றிருந்தார். எந்தத் தரமானாலும், ‘மிக நன்று’ என்றே இருந்தாலும், அதை உரியவருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது நீதிமன்றம். பதவி உயர்வைத் தடுக்கும் இடத்தில் ‘நன்று’ என்பதும் பாதகமான குறிப்பே என்பது அத்தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டே மத்திய அரசு மந்தண அறிக்கையின் பெயரை மாற்றி, முழு அறிக்கையையும் ஊழியருக்குக் காட்ட வேண்டும் என்று ஆணையிட்டது. 2013இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு சுக்தேவ் சிங் வழக்கில் அதே நிலைப்பாட்டை உறுதிசெய்தது.

‘என் வேலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்’ என்று நீதிமன்றப் படியேறியவர் 2000க்குப் பின் பிறந்த, கைபேசியோடு வளர்ந்த இளைஞர் அல்லர். எல்லையில் சாலை போட்ட பொறியாளர். அவருக்குத் தோல் மெல்லியது என்று சொல்வோமா?

இனி எங்கள் துறைக்கு வருகிறேன். என்னோடு பயிலும் ஆய்வாளர் ஒருவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி. பெயரும் ஊரும் வேண்டாம். இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை வரைவுகளைக் கொடுத்தார். நான்கும் திரும்பி வந்தன. நான் அவற்றைப் பார்த்திருக்கிறேன். முதல் வரைவின் மேல்மூலையில் ‘நன்று’. இரண்டாவதில் ‘நன்று, தொடர்க’. மூன்றாவதில் தேநீர்க் கோப்பையின் வட்டத் தடம் தவிர வேறொன்றும் இல்லை. நான்காவதற்கு எழுத்தில் எதுவுமே வரவில்லை. தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டபோது “ஹோ ஜாயேகா, லிக்தே ரஹோ” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார் நெறியாளர். ஆகிவிடும், எழுதிக்கொண்டே இரு. அவரும் எழுதிக்கொண்டே இருந்தார். நான்காம் அரையாண்டின் இறுதியில் ஆய்வு ஆலோசனைக் குழு கூடியது. பன்னிரண்டு நிமிடங்கள். ‘முன்னேற்றம் நிறைவளிக்கவில்லை’ என்று பதிவாயிற்று. கையொப்பமிட்டவர்களில் முதல் பெயர், ‘நன்று’ என்று எழுதிய அதே நெறியாளருடையது.

இளநிலை ஆய்வு உதவித்தொகை இப்போது மாதம் 37,000 ரூபாய், முதுநிலைக்கு 42,000. அவருக்கு அந்த உயர்வு நின்றுபோயிற்று. வேறுபாடு 5,000 தானே என்று ஒரு பேராசிரியர் ஆறுதல் சொன்னாராம். அந்த ஐந்தாயிரத்தை நம்பித் தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை ஏற்றுக்கொள்வதாக ஊரில் சொல்லிவிட்டு வந்திருந்தார் அவர்.

அவர் செய்தது ஒன்றுதான். ‘நிறைவளிக்கவில்லை’ என்பதற்கான காரணங்களை எழுத்தில் தருமாறு நான்கு வரி விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை, சமூக ஊடகத்தில் எழுதவில்லை (நான் எழுதுவதற்கு அவரிடம் ஒப்புதல் பெற்றிருக்கிறேன்). வாய்மொழியாக வந்த மறுமொழி இது: “விமரிசனத்தை இவ்வளவு உணர்ச்சிவசப்பட்டு எடுத்துக்கொள்ளக் கூடாது.”

விமரிசனம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்பதுதானே அவருடைய கேள்வி? காரணம் கேட்பதையே மனக்காயத்தின் அறிகுறியாக மாற்றிவிடும் இந்த உத்தியைத்தான் நான் எதிர்க்கிறேன். கேட்டவர் பலவீனர் ஆகிவிடுகிறார். சொல்லாமல் விட்டவர் கண்டிப்பானவர் ஆகிவிடுகிறார். தம் கடமையைச் செய்யாதவர், அதைச் சுட்டியவரின் தோலின் தடிமனை அளந்துகொண்டிருக்கிறார்.

அவர் கேட்டது சலுகையும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஒழுங்குமுறைகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஆய்வாளர் அரையாண்டுக்கு ஒருமுறை குழுவின்முன் தம் பணியை வைக்க வேண்டும். குழுவின் பரிந்துரையின் படி ஒன்று ஆய்வாளருக்கும் தரப்பட வேண்டும். முன்னேற்றம் நிறைவளிக்காவிட்டால் குழு காரணங்களைப் பதிவுசெய்து, திருத்தும் வழிகளையும் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டு ஒழுங்குமுறையிலும் காரணங்களைப் பதிவுசெய்யும் இந்தக் கடமை உண்டு. விதியை எழுதியவர்கள் எங்கள் தலைமுறையினர் அல்லர். மூத்தவர்கள் எழுதிய விதியை இளையவர் ஒருவர் படித்துவிட்டார், குற்றம் அவ்வளவுதான்.

‘எங்களையும்தான் அளக்கிறார்கள், நாங்கள் புலம்புகிறோமா?’ என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். உண்மைதான், அளக்கிறார்கள். எப்படி என்பதுதான் கேள்வி. 2010இல் வந்த ஒழுங்குமுறை ஒவ்வொரு கட்டுரைக்கும் கருத்தரங்கிற்கும் புள்ளி வைத்தது. புள்ளிக்காகக் கட்டுரை, கட்டுரைக்காக இதழ், பணம் கட்டினால் எதையும் அச்சிடும் இதழ்கள் என்று ஒரு சந்தையே பெருகிற்று. அதைக் கட்டுப்படுத்த 2018இல் அங்கீகரிக்கப்பட்ட இதழ்களின் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள்; 2025இல் அதையும் கைவிட்டார்கள். இடையில் ஆய்வாளர்களும் ஆய்வேட்டை அளிக்கும்முன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டாக வேண்டும் என்ற விதி வந்து, 2022இல் நீங்கிற்று. இத்தனை ஆண்டு எண்ணிக்கையில், ‘உங்கள் கட்டுரையை வாசித்தேன், மூன்றாம் பகுதியில் வாதம் உடைகிறது’ என்று யார் யாருக்குச் சொன்னார்கள்? பணம் வாங்கி அச்சிட்ட இதழ் சொல்லியிருக்காது. புள்ளிகளைக் கூட்டிப் பார்த்த தேர்வுக் குழுவும் சொல்லியிருக்காது. வாரம் 70 மணி நேரம் இளைஞர்கள் உழைக்க வேண்டும் என்று 2023இல் நாராயண மூர்த்தி சொன்னபோது நாடெங்கும் எழுந்த விவாதத்திலும் இதே குறை இருந்தது. மணியை எண்ணத் தெரிந்த அளவுக்கு வேலையைப் படித்துப் பார்க்க நமக்குத் தெரிவதில்லை.

சரி, பின்னூட்டம் கீழிருந்து மேலே போகும்போது என்ன நடக்கிறது? நாக் தரமதிப்பீட்டில் மாணவர் பின்னூட்டத்திற்கென்றே மதிப்பெண் உண்டு. ஆகவே ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் படிவம் வருகிறது. நான் முதுகலை படித்த துறையில் ஒன்பது பேர். அதில் பெயர் குறிக்காத படிவம் என்பது ஒரு நகைச்சுவை. ஒருமுறை ஒருவர், ‘பாடத்திட்டத்தில் உள்ள ஐந்து அலகுகளில் இரண்டுதான் நடத்தப்பட்டன’ என்று எழுதிவிட்டார். வெறும் செய்தி; அடைமொழிகூட இல்லை. மறுவாரம் வகுப்பில் கையெழுத்து ஆராய்ச்சி நடந்தது. “உங்களுக்காக எவ்வளவோ செய்தேன், இப்படி முதுகில் குத்திவிட்டீர்களே” என்றார் ஆசிரியர். குரல் தழுதழுத்தது. நாங்கள் ஒன்பது பேரும் மாறி மாறி அவரைத் தேற்றினோம். அடுத்த பருவத்தில் எல்லாப் படிவங்களிலும் ‘மிகச் சிறப்பு’. அந்தப் படிவங்கள் இப்போது ஏதோ ஒரு கோப்பில் தரத்தின் சான்றாக உறங்குகின்றன. மெல்லிய தோலுக்கு வயது வரம்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மரபை மேற்கோள் காட்டி எங்களுக்குப் பணிவு கற்பிப்போர் மரபை முழுமையாகப் படித்தால் நல்லது. திருவள்ளுவர் கேட்கக் கசப்பான சொல்லைப் பொறுக்கும் பண்பைப் பேசுவது ‘இறைமாட்சி’ அதிகாரத்தில். அந்தப் பண்பை அவர் எதிர்பார்ப்பது அரசனிடம். தவறு கண்டால் இடித்துரைப்பவரைத் துணையாகக் கொள் என்று ‘பெரியாரைத் துணைக்கோட’லில் அறிவுறுத்தப்படுபவனும் ஆள்பவனே. தாங்கும் கடமை அதிகாரம் உள்ள பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. நாமோ அதை உதவித்தொகைக்குக் காத்திருப்பவர் தலையில் இறக்கி வைத்துவிட்டோம்.

நன்னூலின் பொதுப்பாயிரமும் அப்படித்தான். மாணாக்கரை அன்னம், ஆ முதல் எருமை, நெய்யரி வரை தரம்பிரித்ததை வகுப்பில் விரும்பிச் சொல்வார்கள். அதே பாயிரத்தில் பவணந்தியார் ஆசிரியர் ஆகாதவரையும் தரம்பிரிக்கிறார் என்பதை விரைந்து கடந்துவிடுவார்கள். மடற்பனை என்கிறார்: யாரும் ஏறிப் பறிக்க முடியாது, தானாக விழுந்தால் உண்டு. முடத்தெங்கு என்கிறார்: நீரூற்றியவன் ஒருவன், காய் விழுவது அடுத்தவன் கொல்லையில். நான்காண்டு வரைவு கொடுத்தவர் ஒருவர், இணையாசிரியராகப் பெயர் போட்டுக்கொண்டவர் வேறொருவர் என்ற கதைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் தென்னை நினைவுக்கு வரும்.

கடுமைக்கு எதிராக நான் பேசவில்லை. அப்படிப் புரிந்துகொண்டு யாரும் கனிவைப் பற்றி உபதேசிக்க வர வேண்டாம். தொல்காப்பியச் சொல்லதிகார உரையில் சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கும் இடங்களைப் பாருங்கள். விட்டுக்கொடுப்பு கிடையாது. ஆனால் எந்த நூற்பா, முன்னவர் கொண்ட பொருள் எது, அது ஏன் பொருந்தாது, தாம் கொள்ளும் பொருள் எது என்று எல்லாம் அங்கே இருக்கும். படிப்பவர் இளம்பூரணர் பக்கம் நின்று திரும்ப வாதாடவும் முடியும். அப்படி ஒரு மறுப்பு என் ஆய்வேட்டுக்குக் கிடைத்தால் அதைச் சட்டமிட்டு மாட்டுவேன். சன்னலுக்கு வெளியே பறக்கும் தாளோடு யார் வாதாடுவது?

எங்கள் பக்கத்துக் குறைகளையும் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு நேர்மையாகாது. ‘கருத்துச் சொல்லுங்கள்’ என்று கட்டுரையை அனுப்பிவிட்டு, பாராட்டு வராவிட்டால் ஒரு மாதம் பேசாமல் இருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. சான்று எங்கே என்று கேட்டால் ‘இது என் நிலைப்பாடு’ என்று கேடயம் தூக்குபவர்களும் உண்டு. திங்களன்று அறுபது பக்கம் அனுப்பிவிட்டுச் செவ்வாயன்று நீலக்குறி விழுந்ததா என்று பார்ப்பது எங்கள் காலத்து நோய்தான். நெறியாளர்களின் சுமையும் சிறிதில்லை. ஒரு பேராசிரியர் எட்டு பேர் வரை நெறிப்படுத்தலாம் என்கிறது விதி. நிரப்பப்படாத பணியிடங்களின் பாடச்சுமையும், குழுக்கூட்டங்களும், தரமதிப்பீட்டுக் கோப்புகளும் சேரும்போது எட்டு ஆய்வேடுகளை வரிவரியாக யார் படிப்பது? படிக்க நேரமில்லை என்று ஒருவர் சொன்னால் நான் அவர் பக்கம் நிற்பேன். பணியிடங்களை நிரப்பச் சொல்லி அவரோடு சேர்ந்து முழக்கமும் இடுவேன். படிக்காமலேயே ‘நன்று’ என்று எழுதிவிட்டு, பிறகு குழுவில் ‘நிறைவளிக்கவில்லை’ என்று கையெழுத்திடுவதுதான் பொறுக்க முடியாதது.

இதையெல்லாம் எழுதும் தகுதி எனக்கு எவ்வளவு உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பருவத்தில் முதுகலை முதலாண்டு மாணவர்களின் ஒப்படைவுக் கட்டுரைகளைத் திருத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. மொத்தம் 43. கடைசி நாளுக்கு முந்தைய இரவில் உட்கார்ந்தேன். பயிலரங்கு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தேவ் தத் தீர்ப்பின் படி மேசையிலேயே கிடந்தது. விடிவதற்குள் 43 கட்டுரைகளுக்கும் மதிப்பெண் போட்டு முடித்தேன். இருபதுக்கும் மேற்பட்டவற்றில் நான் எழுதியிருந்தது ஒரே சொல்.

மறுநாள் மாலை ஒரு மாணவி நூலக வாசலில் நிறுத்தினார். பத்துக்கு ஆறு பெற்றிருந்தார். “சார், நன்று என்று போட்டிருக்கிறீர்கள். எது நன்றாக இருக்கிறது, எதனால் நான்கு மதிப்பெண் போயிற்று என்று சொன்னால் அடுத்ததைத் திருத்தி எழுதுவேன்” என்றார். கட்டுரையை வாங்கிப் புரட்டினேன். முதல் பக்கத்தைத் தாண்டி எதையும் படித்ததாக எனக்கு நினைவில்லை. தோல் மெல்லியதால்தான் கேட்கிறார் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள ஒரு கணம் வாய் வந்தது. “இரண்டு நாள் கொடுங்கள்” என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இன்று அது இரண்டாம் நாள். நான்காம் பக்கத்தில் இருக்கிறேன். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1919ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அவர் ஓரிடத்தில் குழப்பிவிட்டார். அதன்மேல் கட்டிய வாதம் முழுதும் சாய்ந்து நிற்கிறது. அதை ஓரத்தில் எழுதியிருக்கிறேன். மீதி 42 கட்டுரைகளையும் திரும்பத் தரச் சொல்லித் துறை அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன்.